1778 லண்டன் கடைக்காரர் மனைவிக்கு ஓர் உடை: ஆதாரம் தேடுவதில் தொடங்கி மேடை ஏற்றுவது வரை

நாடகத்துக்கு ஐரோப்பிய உடை வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் செய்வது, ஃபோனை எடுத்துப் படம் தேடுவது. நாற்பது படம் சேர்ந்துவிடும். பிறகு அதிலிருந்து கை, இதிலிருந்து கழுத்து, இன்னொன்றிலிருந்து பாவாடை என்று பொறுக்கி ஒரு கவுன் உருவாகும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகுதான். சேர்த்து மாட்டினால், எந்த நூற்றாண்டிலும் எந்தப் பெண்ணும் போடாத ஓர் உடை மேடையில் நிற்கும். நானும் அப்படி இரண்டு தைத்திருக்கிறேன். என்னிடம் பழக வந்தவர்களும் அதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

கீழே உள்ளது நான் இப்போது பின்பற்றும் வரிசை. உதாரணத்துக்கு ஒரே ஓர் உடையை எடுத்துக்கொள்கிறேன். வேறு காலம், வேறு ஊர் என்றாலும் வரிசை மாறாது.

1. ஆளை முடிவு செய்யுங்கள், உடையை அல்ல

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: "1778, லண்டன், துணிக்கடைக்காரர் மனைவி, முப்பது சொச்சம் வயது, பகல் வேளை, கடையில் நிற்கிறாள்."

இதில் ஒவ்வொரு சொல்லும் தேடலில் பாதியைக் கழித்துவிடும். லண்டன் என்றதும் பாரிஸ் அரண்மனைப் படங்கள் போயின. கடை என்றதும் நடன விருந்து உடை போயிற்று. பகல் என்றதும் திறந்த கழுத்து போயிற்று.

நம் ஊரில் பழைய வெள்ளைக்கார உடை எல்லாவற்றுக்கும் 'விக்டோரியன்' என்று ஒரே பெயர். விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837ல். நம் கடைக்காரர் மனைவிக்கும் அதற்கும் நடுவே 59 வருடம். இந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் வருவது வேறு இடுப்பு, வேறு தோள், வேறு பாவாடை. ஆண்டை எண்ணாகப் போட்டுத் தேடுங்கள்.

2. கையில் முன்கூட்டியே இருக்க வேண்டியவை

நோட்டு, இன்ச் டேப், நிறையக் காடாத்துணி, குண்டூசி. இவை எல்லோரிடமும் இருக்கும். பலர் கேட்க மறப்பது நடிகையின் நேரம். குறைந்தது மூன்று முறை அவர் நேரில் வர வேண்டும்: உள்ளுடைக்கு ஒருமுறை, கவுன் வெட்டுக்கு ஒருமுறை, ஒத்திகைக்கு ஒருமுறை. "அளவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்" என்பவருக்கு இந்தக் கால உடையைத் தைக்கவே முடியாது. காரணம் 7வது படியில் வரும்.

ஆறு வாரம் கேளுங்கள். அதில் இரண்டு வாரம் தேடலுக்கு. துணி வாங்குவது அதற்கு அப்புறம்தான். துணியை முதலில் வாங்கியவர், அந்தத் துணிக்கு ஏற்ற ஆதாரத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

3. மூன்று வகை ஆதாரத்தையும் தேடுங்கள்

மிஞ்சியிருக்கும் உடை, படம், எழுத்து. உடையின் ஒவ்வொரு பகுதிக்கும் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும் என்பது என் கணக்கு.

மிஞ்சிய உடைகளுக்கு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம், ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் ஆகியவற்றின் இணையச் சேகரிப்புகள் போதும். முன்பக்கப் படத்தோடு நிற்காதீர்கள். முதுகும் உள்பக்கமும் எடுத்த படம் இருக்கிறதா என்று பாருங்கள். தைக்கிறவருக்கு வேண்டிய சேதி அங்கேதான் இருக்கிறது.

வெட்டு முறைக்கு அந்தக் காலத்துக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பாரிஸில் கார்சோ 1769ல் தையல்காரர் தொழிலைப் பற்றி வெளியிட்ட நூலில் வெட்டுப் படங்கள் உண்டு. திதெரோவின் கலைக்களஞ்சியப் படத் தொகுதிகளிலும் தையல்கூடமும் வெட்டுத் துண்டுகளும் உண்டு. இரண்டும் பிரெஞ்சு என்பதை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

துணிக்கு பார்பரா ஜான்சனின் ஆல்பத்தை விட நல்லது நான் பார்த்ததில்லை. ஒரு பாதிரியாரின் மகள், 1746 முதல் 1823 வரை தான் வாங்கிய துணிகள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி ஒட்டி, பக்கத்திலேயே எத்தனை கெஜம், என்ன விலை என்று எழுதி வைத்திருக்கிறார். இப்போது அது விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. ஏழைகள் பக்கம் பார்க்க, லண்டன் ஃபவுண்ட்லிங் ஆஸ்பத்திரியின் பதிவுகள். வளர்க்க வழியில்லாமல் விட்டுப்போன குழந்தைகளை அடையாளம் காண, 1741 முதல் 1760 வரை பதிவுத் தாளோடு துணித் துண்டைக் குத்தி வைத்தார்கள். அப்படி ஆயிரக்கணக்கான துண்டுகள். பார்க்கும்போது கொஞ்சம் மனம் கனக்கும், தெரிந்துகொண்டே திறவுங்கள்.

எழுத்தில் எனக்குப் பிடித்தது ஓல்ட் பெய்லி நீதிமன்றப் பதிவுகள். 1674 முதல் 1913 வரை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். திருட்டு வழக்குகளில் என்னென்ன போயிற்று என்ற பட்டியல் வரும்: லினன் ஷிஃப்ட் (எல்லாவற்றுக்கும் உள்ளே உடம்போடு போடும் தளர்ந்த நீளச் சட்டை), பூப்போட்ட பருத்திக் கவுன், ஏப்ரன், கைக்குட்டை. கடைக்காரர் வீட்டு அலமாரியில் என்ன இருந்தது என்பதை ஓவியத்தை விடத் திருடன் நன்றாகக் காட்டிக்கொடுக்கிறான். ஆனால் அதில் வரும் விலையை நம்பாதீர்கள். திருடிய பொருளின் மதிப்பைப் பொறுத்துத் தண்டனை கூடும் என்பதால், ஜூரிகள் இரக்கப்பட்டு மதிப்பைக் குறைத்துச் சொல்வது வழக்கம்.

4. ஒவ்வோர் ஆதாரமும் எங்கே ஏமாற்றும் என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். இங்கே கொஞ்சம் நிதானமாக உட்காருங்கள்.

ஓவியம் என்றால் முதல் கேள்வி: வரைந்தது எந்த ஆண்டு? 1778ஐக் காட்டும் படம் 1880ல் வரைந்ததாக இருந்தால், அது 1880ன் கற்பனைக்கு ஆதாரம், 1778க்கு அல்ல. இரண்டாவது கேள்வி: இதில் இருப்பவர் சொந்த உடையில்தான் இருக்கிறாரா? ஆங்கில ஓவியர் கெய்ன்ஸ்பரோ 1770 வாக்கில் வரைந்த நீல உடைப் பையன் படத்தைத் தெரியாதவர் இல்லை. அந்தப் பையன் போட்டிருப்பது 1630களில் ஓவியர் வான் டைக் வரைந்த படங்களின் பாணி வேஷம். அதைப் பார்த்து 1770ம் வருடத்துப் பையனுக்கு உடை தைத்தால் 140 வருடம் பின்னால் போய்விடுவோம்.

இன்னொன்று. பாஸ்டன் ஓவியர் காப்லி 1763 வாக்கில் வரைந்த திருமதி பவர்ஸ் படத்தில் உடையும் அமர்ந்திருக்கும் விதமும் மடியில் இருக்கும் நாயும்கூட, லண்டனில் ரெனால்ட்ஸ் வரைந்த வேறொரு பெண்மணியின் படத்துடைய அச்சுப் பிரதியைப் பார்த்து எடுத்தவை. முகம்தான் அந்த அம்மாவுடையது. ஒரே உடை இரண்டு பேர் மேல் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

கேலிச் சித்திரங்களும் அப்படித்தான். 1776, 1777 வாக்கில் டார்லி தம்பதியர் வெளியிட்ட அச்சுப் படங்களில் கொண்டை ஆள் உயரத்துக்குப் போகும். அது கிண்டல். அதைப் பார்த்து இரண்டடி விக் கட்டி, நடிகைக்குக் கழுத்து வலி வரவைத்த குழுவை எனக்குத் தெரியும். பால் சாண்ட்பி 1759 வாக்கில் வரைந்த லண்டன் தெரு வியாபாரிகள் நம் வேலைக்கு அதைவிட உதவுவார்கள். அவர்கள் உடையில் ஒட்டுப்போட்ட இடமும் அழுக்கும் தெரியும்.

மியூசியத்தில் இருக்கும் உடை பொய் சொல்லாது என்று நினைப்போம். சொல்லும். விலை உயர்ந்த பட்டுதான் பெட்டியில் பத்திரமாக மிஞ்சும். தினமும் போட்டது கிழிந்து, பிள்ளைக்குச் சட்டையாகி, கரித்துணியாகிப் போயிருக்கும். சின்ன அளவு உடைகளை வெட்டி வேறொன்று தைக்க முடியாததால் அவையும் அதிகம் மிஞ்சின. "அந்தக் காலத்தில் எல்லோருக்கும் பதினெட்டு இன்ச் இடுப்பு" என்ற கதைக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம், பட்டுத் துணி விலை அதிகம் என்பதால் ஒரே உடையைப் பிரித்துப் பிரித்துத் தைத்தார்கள். "துணி 1740கள், கவுன் 1770கள்" என்று குறிப்பில் இருந்தால், பூ டிசைன் அம்மா காலத்தது, வெட்டு மகள் காலத்தது. பிற்காலத்தில் மாறுவேட விருந்துக்காக அதை மறுபடி மாற்றியும் இருப்பார்கள். உள்பக்கப் படத்தில் மிஷின் தையல் தெரிந்தால், அந்த இடம் 1850க்குப் பிறகு கைபட்டது. பொம்மையில் மாட்டியிருக்கும் விதமும் மியூசியம்காரர்களின் முடிவு. பாவாடை தொய்ந்து கிடந்தால், உள்ளே போட வேண்டிய பெட்டிகோட் அந்தப் பொம்மையில் இல்லாமல் இருக்கலாம்.

5. சொற்களை அந்தக் காலத்துக்கே விட்டுவிடுங்கள்

தமிழ் வாசகர் இரண்டு இடத்தில் கட்டாயம் வழுக்குவார். பெட்டிகோட் என்றதும் நமக்குச் சேலைக்கு உள்ளே கட்டும் பாவாடை நினைவுக்கு வரும். 1778ல் அது வெளியே தெரியும் பாவாடைக்கும் பெயர். கவுன் முன்னால் திறந்திருக்கும், அதன் வழியே பெட்டிகோட் தெரியும். அதை வெள்ளைக் காடாவில் தைத்து 'உள்ளேதானே' என்று விட்டால், மேடையில் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

இன்னொன்று நைட்கவுன். நைட்டி அல்ல. பகலில் வெளியே போடும், அலங்காரம் குறைந்த கவுனுக்கு அந்தப் பெயர். வழக்குப் பதிவில் இந்தச் சொல்லைக் கண்டு படுக்கையறைக் காட்சிக்கு ஒதுக்கிவிடாதீர்கள்.

மார்பைத் தாங்கும் விறைப்பான உள்ளுடையை அன்று ஸ்டேஸ் என்றார்கள். கார்செட் என்று தேடினால் பெரும்பாலும் அடுத்த நூற்றாண்டின் மணல்கடிகார வடிவம்தான் வரும். ஸ்டேஸ் கூம்பு வடிவம். இரண்டும் வேறு உடம்பு.

6. நோட்டில் மூன்று குறி போடுங்கள்

கை, கழுத்து, முதுகு, பாவாடை, தொப்பி என்று பகுதிவாரியாகப் பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் 'உறுதி', 'ஊகம்', 'சமரசம்' என்று ஏதாவது ஒன்று.

எங்கள் உடையில்: முழங்கை தாண்டி ஒட்டிப் பிடிக்கும் கை, உறுதி. முன்பக்கம் நடுவில் சேர்ந்து மூடுவது, உறுதி (அதற்கு முந்தைய வருடங்களில் நடுவே ஸ்டமக்கர் என்ற முக்கோணத் துண்டு இருக்கும்; 1770களின் பின்பாதியில் அது குறைகிறது). கடையில் நிற்கும்போது ஏப்ரன் கட்டியிருப்பாள் என்பது, ஊகம். ரயான் லைனிங், சமரசம்.

இந்தக் குறி இயக்குநரோடு பேசும்போது உதவும். "இதை மாற்றலாமா?" என்று அவர் கேட்டால், ஊகத்தையும் சமரசத்தையும் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். உறுதிக்கு மட்டும் சண்டை போடுங்கள்.

7. உள்ளிருந்து வெளியே தையுங்கள்

வரிசை இது: ஷிஃப்ட், ஸ்டேஸ், இடுப்பில் கட்டும் பை, பின்புறத் திண்டு (பாவாடை பின்னால் உப்பி நிற்க இடுப்பில் கட்டுவது), உள் பெட்டிகோட், வெளி பெட்டிகோட், கவுன், கழுத்துக் கைக்குட்டை, தொப்பி. முந்தையது முடியாமல் அடுத்ததைத் தொடாதீர்கள்.

நான் முதலில் கவுனைத் தைத்தேன். நடிகையின் சாதாரண அளவுக்குக் கச்சிதமாக இருந்தது. பிறகு ஸ்டேஸ் தைத்து மாட்டியதும் மார்பு மேலே ஏறியது, தோள் பின்னால் போனது, முன்பக்கம் தட்டையானது. கவுன் முன்னால் இரண்டு இன்ச் சேரவில்லை, முதுகில் பை மாதிரித் தொங்கியது. பிரித்துச் சரிசெய்யவே முடியவில்லை. ஸ்டேஸ் போட்ட உடம்புதான் கவுனுக்கு அளவு. வாட்ஸ்அப் அளவு ஏன் செல்லாது என்பது இதனால்தான்.

ஸ்டேஸை லினனிலோ கனமான பருத்தியிலோ இரண்டு அடுக்காகத் தைத்து, இடையில் குறுகிய குழாய்களாக ஓட்டிக் குச்சி செருகுவது வழக்கம். அன்று செருகியது திமிங்கிலத்தின் வாயில் சீப்பு மாதிரி இருக்கும் தகடு. நமக்கு அகலமான கேபிள் டை போதும், முனையை மட்டும் தேய்த்து மழுக்குங்கள். முதுகில் இரண்டு இன்ச் இடைவெளி இருக்கும்படி அளவை வைத்தால் நடிகை இளைத்தாலும் பருத்தாலும் சமாளிக்கலாம். கயிறு ஒன்றுதான், சுருள் மாதிரி ஏறிப் போகும். பெருக்கல் குறி போட்ட கட்டும் பித்தளைக் கண்ணியும் பிற்காலத்தவை. ஓட்டையை நூலால் சுற்றித் தையுங்கள்.

பெட்டிகோட் சுலபம். மூன்று அகலம் சேர்த்து, இரண்டு பக்கமும் பை எடுக்கத் திறப்பு விட்டு, முன்பாதியை முதுகிலும் பின்பாதியை வயிற்றிலும் நாடா கட்டுவது. ஒரே ஒரு விஷயம்: கீழ்க்கரையை நேராக மடித்து முதலிலேயே தைத்துவிடுங்கள். திண்டின் மேல் ஏறி இறங்க வேண்டிய கூடுதல் நீளத்தை இடுப்பில் சரிசெய்யுங்கள். நம் பழக்கம் நேர்மாறானது. இடுப்பை முடித்துவிட்டுக் கீழே வெட்டுவோம். அப்படிச் செய்தால் துணியின் பூ வரிசை கீழே கோணலாகப் போய்விடும்.

8. துணி வாங்கும் நாள்

அன்றைய இங்கிலாந்துப் பட்டின் பன்னா 19 முதல் 21 இன்ச். அதனால்தான் பழைய கவுன்களில் அவ்வளவு இணைப்பு. நம் 44 இன்ச் பன்னாவில் கவுனுக்கு ஐந்து மீட்டர், பெட்டிகோட்டுக்கு மூன்று மீட்டர் என்று வாங்குவேன். பாவாடை அகலத்தில் நடுவே ஒரு பொய்த் தையல் ஓட்டிவிட்டால் கிட்டப் பார்ப்பவருக்கும் சரியாகத் தெரியும்.

பளபளக்கும் பாலியஸ்டர் சாட்டின் வேண்டாம். மேடை விளக்கில் கண்ணாடி மாதிரி அடிக்கும், மடிப்பும் நிற்காது. ஜரிகைப் பட்டும் வேண்டாம். மொரமொரப்பான சாதாப் பட்டு, லினன், மெல்லிய கம்பளி, அச்சுப் பருத்தி, இவைதான் நம் ஆளுக்கு.

அச்சுப் பருத்தியில் ஒரு சட்டக் கதை இருக்கிறது. நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன பூத்துணியால் உள்ளூர் நெசவு கெடுகிறது என்று பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை தடை போட்டது. இங்கிலாந்தும் 1700லும் 1721லும் சட்டம் கொண்டுவந்தது. 1774ல் உள்நாட்டில் நெய்து அச்சிட்ட முழுப் பருத்திக்கு அனுமதி கிடைத்தது. அடையாளமாகக் கரையில் மூன்று நீல நூல் ஓட வேண்டும். ஆகவே 1778ல் நம் கடைக்காரர் மனைவி பூப்போட்ட பருத்தி போடலாம், 1765ல் நடக்கும் கதையானால் நான் அதை 'ஊகம்' பக்கம் தள்ளியிருப்பேன். கரையில் அந்த மூன்று நூலை ஓட்டிவைத்தேன். யாரும் பார்க்கவில்லை, எனக்கு மட்டும் சந்தோஷம்.

இன்று கடையில் கிடைக்கும் கலம்காரியில் வெளிர் நிலமும் கொடியில் படரும் பூவும் உள்ளதை எடுங்கள். பெரிய மாங்காய் டிசைனைத் தள்ளிவையுங்கள். ஐரோப்பாவில் அது காஷ்மீர் சால்வையைப் பின்பற்றிப் பரவியது, பெரும்பாலும் அடுத்த நூற்றாண்டில். நிறத்திலும் கவனம்: ரசாயனச் சாயம் 1856ல்தான் வந்தது. மஞ்சிட்டி வகைச் சிவப்பு, அவுரி நீலம், மஞ்சள், பழுப்பு பக்கம் நின்றால் தப்பு வராது.

9. கவுனை உடம்பின் மேல் வெட்டுங்கள்

புத்தகத்தில் கட்டம் போட்டுக் கிடைக்கும் பேட்டர்னை அப்படியே பெரிதாக்கி வெட்டாதீர்கள். அது இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரே ஒரு பெண்ணின் உடம்பு. துண்டுகளின் வடிவத்தைக் கற்றுக்கொள்ள அதை வையுங்கள், அளவுக்கு அல்ல.

நடிகைக்கு ஷிஃப்ட்டும் ஸ்டேஸும் போட்டு நிறுத்துங்கள். காடாத்துணியை முதுகு நடுவில் நேர்நூலில் வைத்து, பக்கவாட்டில் தடவிக் கொண்டுவந்து குண்டூசி குத்துங்கள். முதுகுத் துண்டு நம் பழக்கத்தை விட மிகவும் குறுகலாக இருக்கும். பயந்து அகலமாக்காதீர்கள். கை ஏற வேண்டும் என்றால் கைக்குழியைச் சிறிதாக, அக்குளுக்கு நெருக்கமாக வையுங்கள். குழி பெரிதானால் கையைத் தூக்கும்போது கவுன் முழுவதும் கூடவே ஏறும்.

கை மாட்டும் முறையைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும், சொல்லிப் பார்க்கிறேன். கையின் அடிப்பாதியை மட்டும் முதலில் கைக்குழியில் பின்தையல் போட்டுப் பிடிக்க வேண்டும். மேல்பாதி தொங்கிக்கொண்டிருக்கும். நடிகை அதைப் போட்டுக்கொண்டு கையைச் சற்று முன்னால் மடித்து நிற்க, மேல்பாதியைத் தோளின் மேல் ஏற்றி, மிஞ்சிய துணியை இரண்டு மூன்று சின்ன மடிப்பாக்கி லைனிங்கோடு குத்துங்கள். கடைசியில் தோள்பட்டைத் துண்டை அதன் மேல் வைத்து மூடித் தையுங்கள். அதாவது தோள் கடைசியில் வருகிறது. தோளை முதலில் இணைத்துவிட்டு இந்தக் கையைப் பொருத்த முடியாது. புதியவர்கள் பாதிப் பேர் இங்கே ஒரு நாளைத் தொலைப்பார்கள்.

பாவாடையைச் சின்னச் சின்ன மடிப்பாகப் பின்னால் பார்த்தபடி அடுக்க வேண்டும். சேலைக்குக் கொசுவம் வைக்கத் தெரிந்த கைக்கு இது பத்து நிமிட வேலை.

கண்ணில் படும் தையல் கையால். உள்ளே மறைவது மிஷினில், நோட்டில் 'சமரசம்' என்ற குறியோடு.

10. தலையும் கழுத்தும்

நல்ல கவுன் தைத்துவிட்டு இதில் கோட்டை விடுவார்கள். கல்யாணமான, நடுத்தர வீட்டுப் பெண் பகலில் வெறுந்தலையோடு கடையில் நிற்கமாட்டாள். மெல்லிய வெள்ளைத் துணியில் தொப்பி வேண்டும். கழுத்தைச் சுற்றி முக்கோணமாக மடித்த கைக்குட்டை. அவிழ்த்துவிட்ட கூந்தலும் திறந்த கழுத்தும் இருந்தால் அத்தனை வேலையும் வேறு காலத்துக்குப் போய்விடும். இயக்குநர் கேட்டாலும் இந்த இரண்டையும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

11. உடையோடு ஒத்திகை

உட்கார வையுங்கள், மாடிப்படி ஏறவையுங்கள், கையைத் தூக்கி அலமாரியில் இருந்து துணி எடுக்கவையுங்கள். அக்குளில் இழுத்தால் அன்றே சரிசெய்யுங்கள். ஸ்டேஸோடு வசனம் பேசி மூச்சுப் பழகக் குறைந்தது மூன்று நாள் ஒத்திகை வேண்டும்.

அன்றைய கவுன்களின் முன்பக்கத்தை வெறும் குண்டூசியால் குத்தி மூடினார்கள். ஸ்டேஸ் விறைப்பாக இருப்பதால் உடம்பில் குத்தாது, பார்க்கவும் கச்சிதம். மேடையில் சட்டென்று உடை மாற்ற வேண்டியிருந்தால் உள்ளே கொக்கி வைத்து, மேலே நான்கைந்து ஊசியை மட்டும் காட்டலாம். ஊசிகளை எண்ணிக் கொடுங்கள், காட்சி முடிந்ததும் எண்ணி வாங்குங்கள். ஒருமுறை ஒன்று குறைந்தது. அடுத்த காட்சியில் வெறுங்காலோடு வந்தவர்தான் அதைக் கண்டுபிடித்தார்.